வெளியே போன பந்து

தூத்துக்குடியில் ஒரு துறைமுகத் தொழிலாளர் கிளப் இருந்தது. அங்கே டேபிள் டென்னிஸ் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பந்துக்குக் காற்று ஆகாது. கடற்கரைப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் துள்ளுகிறவர்களைப் பார்த்தால் நமக்குப் பாவமாக இருக்கும். ஆனால் பாவப்படச் சொல்லி அவர்கள் யாரையும் கேட்டதில்லை.

எழுதி வைக்காத சட்டங்கள் அங்கே உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்தான் போய் ஃபேனைப் போட வேண்டும். பந்து வெளியே போனால் அடித்தவர்தான் போய் எடுத்துவர வேண்டும். கேரம் போர்டுக்கு அடியில் போனாலும் சரி, வாசல் தாண்டிச் சாக்கடை ஓரம் போனாலும் சரி. அடித்தவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் அவரேதான் குனிய வேண்டும்.

அந்தக் கிளப்பில் அதிகம் குனிந்தவர் காஸ்பர் மோத்தா.

கப்பல் வந்து அணையும்போது கயிறு வாங்கிக் கட்டுகிற ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. ஓய்வு பெறுகிற வயது நெருங்கிவிட்டது. மனைவி தவறிவிட்டாள். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். வீட்டில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சாயங்காலம் கிளப்புக்கு வந்து பேட்டைக் கையில் எடுத்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது பொழுதாகக் கணக்கு.

அங்கே அவருக்கு ஒரு தொந்தரவு இருந்தது. அதன் பெயர் இசக்கிராஜ்.

இசக்கிராஜ் கிரேன் ஓட்டுகிறவன். காஸ்பரைவிட இளையவன். அவன் அடி தட்டையாக வரும். வளைவு, சுழற்சி, நளினம் ஒன்றும் கிடையாது. கன்னத்தில் அறைந்தாற்போல ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான், பந்து நெட்டை உரசிக்கொண்டு நேராக வந்துவிடும். கூடவே ஒரு வார்த்தையும் வரும்.

"தந்தி வந்திருக்கு அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டு வாங்குங்க."

காஸ்பர் வார்த்தைக்கு வார்த்தை கொடுப்பார். அடிக்கு அடி கொடுப்பார். வார்த்தை போய்ச் சேர்ந்துவிடும். பந்து சேராது. அவர் கேரம் போர்டுக்கு அடியில் குனிவார்.

ஒரு நாள் அப்படிக் குனிந்து எழும்போது இசக்கிராஜ் சொன்னான்.

"கப்பலையே கட்டி நிறுத்துத கை. ஒரு பந்து நிக்க மாட்டேங்குதே."

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். காஸ்பருக்குக் காது சிவந்தது.

"ஏல, கேட்டுக்க. திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கிழமை கப் மேட்ச் வருதுல்லா. அதுல உன்னை நான் ஜெயிக்கேன். ஜெயிக்கலன்னா இந்தக் கிளப் வாசலை மிதிக்க மாட்டேன். எங்கப்பா மேல சத்தியம்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இசக்கிராஜும் பேட்டைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டான். காஸ்பர் ஒரு தடவை சொன்னால் மாற மாட்டார் என்பது துறைமுகத்துக்கே தெரியும்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் காஸ்பருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. இசக்கிராஜை அவர் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று அவரே பல பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் கிளப்புக்குப் போனதும் அவர் தெக்லாவைத் தேடினார்.

தெக்லா துறைமுக ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவள். காஸ்பர் மகளின் வயதுதான் இருக்கும். அதுவரை அவர் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"மாஸ்டர்," என்றார்.

தெக்லா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என்ன அண்ணாச்சி, திடீர்னு மாஸ்டர்ங்கீய?"

"சொல்லித் தரணும். வேகமா வார அடியை எப்டி நிப்பாட்டுதது?"

"எதுக்கு நிப்பாட்டணும்?"

"சத்தியம் பண்ணிட்டேன்லா."

"அது ஊருக்கே தெரியும். அடியை எதுக்கு நிப்பாட்டணும்னு கேட்டேன்."

தெக்லா ஃபேனை நிறுத்திவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பந்தைத் தட்டையாக ஓர் அடி அடித்தாள். காஸ்பர் தோளிலிருந்து வீசித் திருப்பி அடித்தார். பந்து அவள் தலைக்கு மேல் பறந்து வாசலைத் தாண்டிப் போனது. அவர் போய் எடுத்து வந்தார்.

அவள் மறுபடியும் அடித்தாள். அவர் இன்னும் பலமாக அடித்தார். மறுபடியும் போய் எடுத்து வந்தார்.

"என்னத்துக்கு இந்த வீச்சு?" என்றாள் தெக்லா.

"நீங்க அடிக்கீய. நான் சும்மா நிக்கவா?"

"அண்ணாச்சி, கப்பல் ஜெட்டிச் சுவரோரம் அணையயில எதுல வந்து முட்டும்?"

"தொங்குத டயர்ல முட்டும்."

"டயர் கப்பலைத் திருப்பி முட்டுமா?"

"டயர் எங்க முட்டும்? அது பாட்டுக்குத் தொங்கும். கப்பல் வந்து அமுக்கும், அது அமுங்கிக் குடுக்கும்."

"அப்போ விலகிப் போயிருமா?"

"விலகுனா ஜெட்டிச் சுவரு இடிஞ்சு போயிரும்லா."

தெக்லா பந்தை உள்ளங்கையில் உருட்டினாள்.

காஸ்பர் யோசித்துவிட்டுக் கேட்டார். "என்னை டயரா இருக்கச் சொல்லுதீயளா?"

"இப்போ நீங்க இன்னொரு கப்பலா வாரீய. அது மட்டும் வேண்டாம்."

அவள் கேரம் போர்டு பக்கம் போய் ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்தாள். காஸ்பரின் முழங்கைக்கு நேர் பின்னால் அதைப் போட்டாள்.

"உக்காரவா?"

"நில்லுங்க. நாற்காலி உங்களுக்கு இல்ல, உங்க முழங்கைக்கு."

அவள் அடித்தாள். அவர் கை தன்னால் பின்னே போனது. முழங்கை நாற்காலியின் முதுகில் ணங்கென்று இடித்தது. காஸ்பர் மாதாவைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் மாதாவை அடிக்கடி கூப்பிட்டார். முழங்கை வீங்கியது. வேலையில் ஆட்கள் என்னவென்று கேட்டார்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தார்.

பிறகு ஒரு நாள் கை பின்னே போகவில்லை. பேட்டை முன்னால் தளர்வாக வைத்துக்கொண்டு நின்றார். பந்து வந்து பட்டது. பட்டு நெட்டுக்குள் விழுந்தது. அடுத்ததும் நெட்டுக்குள்ளேயே விழுந்தது.

"வீசாம இருந்தாலும் போக மாட்டேங்கு மாஸ்டர்."

"பேட்டை ஏன் கவுத்துப் பிடிக்கீய?"

காஸ்பர் தன் பேட்டைப் பார்த்தார். அது மேசையைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"சுத்திக்கிட்டு வார பந்து மேல எகிறும்லா. கவுத்தாத்தான் அடங்கும். அப்படித்தான் பழக்கம்."

"சரி. இசக்கிராஜ் பந்துல என்ன சுத்து இருக்கு?"

"ஒரு சுத்தும் கெடயாது. வெறும் வேகந்தான்."

"இல்லாத சுத்துக்கு எதுக்குக் கவுக்கணும்? நேரா வைங்க."

நேராக வைத்தார். பந்து பட்டுச் சாதுவாகத் திரும்பிப் போய் மேசையின் அந்தப் பக்கம் விழுந்தது. காஸ்பர் அதை நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் அடுத்த பந்து வந்து அவர் வயிற்றில் பட்டது.

"பாத்தது போதும்," என்றாள் தெக்லா.

ஆட்டம் முடிந்து இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காஸ்பர் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அன்னைக்கு அவம் கப்பல் கட்டுத கையின்னு சொன்னாம் பாத்தீயளா, அதுல ஒரு உள்குத்து இருக்கு மாஸ்டர். போன மழையில ஒரு கயிறு என் கையை விட்டுப் போச்சு. கப்பல் கொஞ்சம் விலகிட்டு. அதைத்தான் குத்திக் காமிக்கான்."

"அப்படி அவர் சொன்னாரா?"

"சொல்லல. ஆனா அதுதான் அர்த்தம்."

தெக்லா பேட்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இல்லாத சுத்துக்கு மறுபடியும் கவுக்கீய," என்றாள்.

காஸ்பர் வெகுநேரம் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கப் மேட்சுக்கு முதல் நாள் அவர் இன்னொரு கேள்வி கேட்டார்.

"பந்தை எடுத்திருவேன் மாஸ்டர். அவம் பேசுவானே, அதை என்ன செய்ய?"

"அவர் பேசும்போது உங்களுக்கு என்ன ஆவுதுன்னு தெரியுமா?"

"கோவம் வரும்."

"அதுக்கு முன்னால முழங்கை பின்னால போவும். நான் பாத்திருக்கேன்."

"அதுக்கு என்ன வழி?"

"அங்கதான் நாற்காலி கெடக்குல்லா."

"மேட்ச்ல நாற்காலி போட விடுவாவளா?"

தெக்லா சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. திருவிழாவுக்கு வந்து ஊர் திரும்பாத விருந்தாளிகள்கூட வந்திருந்தார்கள். சத்தியத்தின் கதை அவர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது. யாரோ எழுந்து ஃபேனை நிறுத்தினார்கள்.

இசக்கிராஜ் முதல் அடியை அடித்தான்.

"தந்தி அண்ணாச்சி."

காஸ்பரின் பேட் பந்தின் வழியில் நின்றது. பந்து திரும்பிப் போனது. காஸ்பர் வாயைத் திறக்கவில்லை.

இசக்கிராஜ் இன்னும் பலமாக அடித்தான். பந்து முன்போலவே மெதுவாகத் திரும்பியது. அவன் வேகத்துக்கு வேகம் கேட்டே பழகியவன். எதிரேயிருந்து வேகம் வராதபோது பந்து அவன் நினைத்த இடத்துக்கு முன்பே தொய்ந்து விழுந்தது. அவன் குனிந்து எட்டி அடிக்க வேண்டியிருந்தது. சிலது நெட்டில் மாட்டியது. சிலது வெளியே போனது. அன்று கேரம் போர்டுக்கு அடியில் குனிந்தது இசக்கிராஜ்.

முதல் செட் காஸ்பருக்கு வந்தது. அடுத்ததை இசக்கிராஜ் எடுத்தான். இப்படியே மாறி மாறிக் கடைசி செட் வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கயிறு கெட்டியா இருக்கு போல," என்றான் இசக்கிராஜ்.

கயிறு என்ற வார்த்தை காஸ்பரின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. தெக்லா அவர் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைந்தது. கொஞ்சம் பின்னே போனது. அங்கே நாற்காலி ஏதும் இல்லை. ஆனாலும் எதிலோ இடித்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

காஸ்பர் பந்தை எதிர்பார்த்துக் குனிந்து நின்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

அதற்குப் பிறகு இசக்கிராஜ் பேசவில்லை. பேசினால் எதிரே யாராவது வாங்க வேண்டும் அல்லவா? ஹாலில் பந்துச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயிக்க இசக்கிராஜுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் வேண்டும். அவன் அடித்தான். காஸ்பர் எடுத்தார். அடித்தான், எடுத்தார். வலது மூலை, இடது மூலை, உடம்புக்கு நேராக என்று எங்கெங்கோ அடித்தான். ஒவ்வொன்றும் சாதுவாகத் திரும்பி வந்தது. இசக்கிராஜ் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒன்று அடித்தான். பந்து நெட்டின் விளிம்பில் பட்டு, ஒரு கணம் தயங்கி, காஸ்பரின் பக்கம் பொத்தென்று விழுந்தது.

அதை யாராலும் எடுக்க முடியாது.

நெட்டில் பட்டு அதிர்ஷ்டத்தில் விழுந்த பந்துக்கு ஒரு கையைத் தூக்கி வருத்தம் காட்டுவது அந்த ஆட்டத்தில் மரியாதை. இசக்கிராஜ் அதுவரை யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. அன்று கையைத் தூக்கினான். இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றான்.

காஸ்பர் போய் ஃபேனைப் போட்டார்.

"அப்போ சத்தியம்?" என்று கேரம் போர்டு பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

காஸ்பர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பேட்டை உறையில் வைத்தார். வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதன் பிறகு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை.

கிளப்புக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டுக் கட்டை உண்டு. வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றிச் சத்தியத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. எனவே காஸ்பர் தினமும் சாயங்காலம் அந்தக் கட்டையில் உட்கார்ந்தார். யாராவது கேட்டால் காற்றுக்காக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அங்கே காற்றே வராது.

உள்ளே ஆடுகிற சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே யார் ஆடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இசக்கிராஜின் அடி நன்றாகக் கேட்டது. ஆனால் தந்தி என்ற சத்தம் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. அது வராதது காஸ்பருக்கு ஏனோ கஷ்டமாக இருந்தது. உள்ளே போக அவருக்கு ஆசையாக இருந்தது. இந்த வயதில் இதற்குப் போய் அழுகை வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பந்து வாசல் வழியாகப் பறந்து வந்தது. சைக்கிள் சக்கரங்களுக்கு நடுவே உருண்டு அவர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்தார்.

பின்னாலேயே தெக்லா படியிறங்கி வந்தாள்.

"நீங்களா அடிச்சீய?" என்றார் காஸ்பர். "நீங்க வெளிய அடிச்சு நான் பாத்ததே இல்லயே மாஸ்டர்."

"இன்னைக்குப் போயிட்டு. குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் பந்தை வாங்கித் துடைத்தாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

"உள்ள யாரு கூட ஆடுதீய?"

"இசக்கிராஜ் கூட."

"அவம் என்ன சொல்லுதான்?"

"ஒண்ணும் சொல்லல. வாசலைப் பாத்துக்கிட்டே ஆடுதார். பந்தையெல்லாம் விடுதார்."

காஸ்பர் ஒரு சைக்கிளின் பெல்லை விரலால் தடவினார்.

"உள்ள வரணும்னுதான் இருக்கு மாஸ்டர். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயால சொல்லிட்டேன். சொன்னதை எப்டி மாத்துதது?"

"அன்னைக்குக் கையைப் பத்தி இசக்கிராஜ் ஒரு வார்த்தை சொன்னார். நீங்க என்ன பண்ணுனீய?"

"சத்தியம் பண்ணுனேன்."

"அப்பாவை நினைச்சா பண்ணுனீய?"

காஸ்பர் யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"இல்ல. அவம் அடிச்சான். திருப்பி அடிச்சேன்."

"அந்த அடி எங்க போய் விழுந்துச்சு?"

காஸ்பர் தான் உட்கார்ந்திருந்த சிமெண்டுக் கட்டையைப் பார்த்தார். வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தார்.

"வெளிய," என்றார்.

"வெளிய போனதை யாரு எடுக்கணும்?"

காஸ்பர் கட்டையிலிருந்து எழுந்தார்.

"அடிச்சவம்."

தெக்லா படியேறி வாசலில் நின்றாள்.

"அப்போ எடுத்துக்கிட்டு உள்ள வாங்க அண்ணாச்சி. ஃபேனை நிப்பாட்டி வச்சிருக்கோம்."